ரோமாபுரியை ஞாயிறுதோறும் பார்த்த அந்தோணி

ஆட்டோ ஓட்டுகிற அந்தோணி காஞ்சிபுரத்தைத் தாண்டிப் போனது அதிகம் போனால் சென்னை விமான நிலையம் வரைக்கும்தான். அதுவும் பெண்டாட்டியை வழியனுப்ப. ஆனால் ரோமாபுரியைப் பற்றி அவனிடம் வாயைக் கொடுத்தால் போச்சு, லேசில் தப்ப முடியாது. அவனைக் கண்டாலே பஸ் ஸ்டாண்ட் ஆட்டோக்காரர்கள், "போப்பு வந்துட்டாருபா" என்று கையெடுத்துக் கும்பிடுவார்கள்.

அவன் மனைவி ஜோதிகா ரோமாபுரியில் ஒரு வீட்டில் தங்கி, படுத்த படுக்கையாய்க் கிடக்கும் கிழவியைக் கவனித்துக்கொள்கிறாள். விசா எடுத்து அவனையும் கூப்பிட்டுக்கொள்வதாகப் பேச்சு. இன்று வரும், நாளை வரும் என்று நாலு வருஷமாய் இலவு காத்த கிளியாக உட்கார்ந்திருந்தான். ஒண்டியாய்ப் பொங்கி ஒண்டியாய்த் தின்கிறவனுக்கு அந்த ஒரு நம்பிக்கைதான் துணை.

ஞாயிறு அவளுக்கு லீவு. வீடியோ காலில் ஊரைச் சுற்றிக் காட்டுவாள். முதலில் போப்பாண்டவர் கோயில், இடிந்துபோன பெரிய அரங்கம் என்று உலகமே பார்த்த இடங்கள். அப்புறம்தான் ருசியே ஆரம்பித்தது. கார்பத்தெல்லா என்று ஒரு பேட்டை. சுற்றுலாக் கூட்டம் எட்டிப் பார்க்காத முற்றங்களில் கொடி கட்டித் துணி காயும். ஊருக்கு வெளியே வளைவு வளைவாகத் தூண்கள்மேல் ஓடுகிற பழங்காலக் கால்வாய். அதன் கீழே புல்வெளியில் குடும்பம் குடும்பமாகக் கட்டுச்சோற்றைப் பிரித்து வைத்திருப்பார்கள். சோற்றை உருட்டி, நடுவில் சீஸ் வைத்துப் பொரித்த பண்டத்தைப் பிட்டுக் காட்டினாள். ஒரு நாள் தெருக்குழாயின் மூக்கை விரலால் அடைத்தாள். மேலிருந்த பொத்தல் வழியாகத் தண்ணீர் எழும்பி வந்தது. குனியாமலே குடிக்கலாம்.

"இதெல்லாம் உனக்கு எப்டிமா தெரியுது?" என்று பூரித்துப்போவான்.

"சும்மா சுத்திக்கினு இருப்பேன் மாமா" என்பாள்.

என் பொண்டாட்டி மாதிரி சமர்த்து உண்டா என்று ஸ்டாண்ட் முழுக்கத் தம்பட்டம் அடிப்பான். பாவி மனுஷன், சூதுவாது தெரிந்தால்தானே.

போன மாதம் கோயம்புத்தூரிலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். பெரிய கோயில்களை முடித்துவிட்டு, காய்ச்சல் தீர வேண்டிக்கொள்கிற ஜுரஹரேஸ்வரர் கோயிலுக்குக் கூட்டிப் போனான். பிறகு பிள்ளையார்பாளையத்தில் பட்டு நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டிப் பாவு நீட்டுகிற இடம். அந்த அம்மாள் அசந்துபோய், "நாங்களா வந்திருந்தா இதையெல்லாம் பார்த்திருக்கவே மாட்டோமுங்க" என்றாள்.

"எப்டிமா பார்ப்பீங்க? போர்டு வெச்ச எடத்துக்கு யாரு வேணா போலாம். இங்கல்லாம் ஊர்க்காரன் ஒருத்தன் கூட்டிக்கினு வந்தாத்தான் உண்டு."

சொல்லி வாய் மூடவில்லை, ஜோதிகா காட்டிய தெருக்குழாய் ஞாபகத்துக்கு வந்தது. சும்மா சுற்றுகிறவளுக்குக் குழாயின் மூக்கை அடைக்க எப்படித் தெரியும்? பக்கத்தில் நின்று அடைத்துக் காட்டியது யார்?

தம்பதியை இறக்கிவிட்டு ஸ்டாண்டிலேயே உட்கார்ந்துவிட்டான். "இன்னாபா, போப்புக்கு ஒடம்பு சரியில்லியா?" என்று சக ஓட்டுநர் கலியாணசுந்தரம் சீண்டினார்.

அந்த ஞாயிறு ரோமாபுரியில் மழை. ஜோதிகா அறையிலிருந்து ஜன்னல் வழியாகத் தெருவைக் காட்டினாள்.

"ஊரு வேணாம் ஜோதி. உன் மூஞ்சியக் காட்டு."

காட்டினாள். முடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள். அழகாகத்தான் இருந்தாள்.

"அந்த எடத்துக்கெல்லாம் யாரு கூட்டிக்கினு போறது?"

ஒரு பொய் சொல்லேன்டி, பிழைத்துப்போகிறேன் என்று அவன் மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

"கீழ்வீட்டுக்காரரு மாமா" என்றாள். "படிக்கட்டுல ஒண்டியா ஒக்காந்து அழுதுக்கினு இருந்தேன். வா, ஊரைக் காட்டுறேன்னு கூட்டிக்கினு போனாரு. அப்டியே..."

"என் விசா?"

"அப்ளையே பண்ணல மாமா. எப்டி சொல்றதுன்னு தெரியல." தேம்பித் தேம்பி அழுதாள்.

வேறு எவனாயிருந்தாலும் போனைச் சுவரில் அடித்திருப்பான், வாய்க்கு வந்தபடி ஏசியிருப்பான். அந்தோணிக்கு நெஞ்சு வெடித்துவிடும் போலத்தான் இருந்தது. ஆனாலும் அவள் அழுதால் அவனுக்குத் தாங்காது.

"சரி, அழாத. சாப்ட்டியா?"

ஜோதிகா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இன்னும் இல்ல மாமா. அவரு வந்ததும்தான்."