ரம்பக் குழியில் நின்றவர்

ஐம்பதுகளில் நான் ஓசூரில் பள்ளி ஆசிரியர். வீட்டு நிலைக்கும் கதவுக்கும் பலகை அறுக்கக் கொடுத்துவிட்டு, மாலைதோறும் மரவாடிக்குப் போய் நிற்பேன். அங்கே மரம் அறுப்பவர் ஒருவர்; குழியின் மேல் கிடத்திய மரத்தில் அவருடைய மைத்துனன் ஏறி நின்று ரம்பத்தை மேலே இழுப்பான். அவர் குழிக்குள் நின்று கீழே இழுப்பார். புருவமெல்லாம் மரத்தூள். ரம்பம் இறுகினால் பிளவை விரலால் தடவி, "ஆப்பு வை" என்பார்.

அவர் பார்ப்பதே இல்லை, தடவுகிறார் என்பது மூன்றாம் நாள்தான் எனக்குப் புரிந்தது. தனியாகக் கேட்டேன்.

"நெழலாட்டந்தான் தெரியுதுங்க வாத்தியாரே. கோடு பாக்கறது மேல நிக்கறவன் வேலை, எனக்குக் கை போதும். மொதலாளிக்கு மட்டும் தெரிய வேண்டாங்க."

எனக்கு மனம் கேட்கவில்லை. தூள் விழாத வேலை ஏதாவது கொடுப்பார் என்று நம்பி முதலாளியிடம் சொன்னேன். அவர் மறுநாளே ஆளை நிறுத்திவிட்டார். நான் கெஞ்சியும் பயனில்லை.

மழைக்காலத்தில் குந்தாரப்பள்ளிச் சந்தையில், துண்டை விரித்துக் கையேந்தி உட்கார்ந்திருந்தார். என் குரலைக் கேட்டதும் முகம் மலர்ந்தது.

"வாத்தியாருங்களா? ஒக்காருங்க."

உட்கார்ந்தேன்.

"மச்சான்தான் போட்டுக் குடுத்துட்டான். அவங்கூடப் பேச்சையே உட்டுட்டேனுங்க. இப்ப சோறு போடவும் ஆளில்லை."

முதலாளியிடம் சொன்னது நான்தான் என்று சொல்லாமலே எழுந்து வந்தேன். அவர் ஏன் என்னை ஒருமுறைகூடச் சந்தேகிக்கவில்லை என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.