மகளின் கல்
போடிமெட்டுக்குக் கீழே எங்கள் தேயிலை எஸ்டேட்டில் இறந்தவர்களைப் புதைப்பதுதான் வழக்கம். பெயர் எதுவும் எழுதுவதில்லை. மூன்றாம் நாள் வீட்டு ஆண்பிள்ளை ஒரு கல்லைச் சுமந்துபோய்த் தலைமாட்டில் நடுவார். அவரவர் கல் அவரவருக்குத் தெரியும். அடக்கத்துக்குப் பெண்கள் போகக் கூடாது. யார் போட்ட சட்டமோ, நன்றாக இருக்கட்டும். காய்ச்சலில் என் மகள் போனபோது அவளுக்கு நாலு வயது. லயத்து வீட்டு வாசலோடு என்னை நிறுத்திவிட்டார்கள்.

எல்லாரும் ஓடைக்கல்தான் நடுவார்கள். என் கணவர் மட்டும், மேலே ரோட்டுக்காக வெட்டிய பாறையிலிருந்து கரும்பச்சையாக ஒன்றைத் தூக்கிவந்தார். ஈரம் பட்டால் அதில் பொடிப்பொடியாக மின்னும். "பாப்பாவுக்கு மினுக்குன்னா புடிக்கும்ல" என்றார்.

பிறகு வருடாவருடம் இருவரும் போய்ப் பால் ஊற்றினோம். அவரும் போனபின் நான் மட்டும். மழை அந்தச் சரிவின் மேடுகளை எல்லாம் கரைத்துவிட்டது. புதரை விலக்கி அந்தக் கல்லைக் கண்டால்தான் எனக்கு மூச்சு வரும்.

சில வருடங்களுக்கு முன் ஆராய்ச்சி மாணவி ஒருத்தி வந்தாள். மீனாட்சிபுரத்துப் பெண். மாடு வளர்க்கிற வீட்டில் பிறந்துவிட்டுக் கல்லுக்கு அலைகிறாயே என்று கேலி செய்வேன். உலகத்தில் வேறெங்கும் பார்த்திராத தாது ஒன்று எங்கள் ரோட்டோரப் பாறையில் இருக்கிறதாம். என் வீட்டில்தான் சோறு சாப்பிட்டாள்.

"மொதல்மொதலா எங்க கண்டுபுடிக்கறமோ, அதுதானுங்க அம்மா அதுக்குப் பொறந்த ஊடு. அப்பறம் எங்க கெடச்சாலும் இதோட வெச்சுத்தான் பார்க்கோணும்" என்றாள்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. என் மகளின் கல்லும் அதுதான் என்று காட்ட அவளைச் சரிவுக்குக் கூட்டிப்போனேன். பார்த்ததும் அவள் கை சுத்தியலுக்குப் போனது.

"அது எங்க புள்ள கல்லு தாயி" என்றேன்.

கையை எடுத்துவிட்டாள். "இருக்கட்டுங்க அம்மா" என்று அவளே புதரை இழுத்து மூடினாள்.

பாறையைப் பற்றிப் பத்திரிகையில் செய்தி வந்தது. அவ்வளவுதான், கல்லை அள்ளி விற்க ஜீப் ஜீப்பாக ஆட்கள் வந்து இறங்கினார்கள். முதலில் பாறையைக் கொத்தினார்கள், பிறகு சரிவுக்கு வந்தார்கள். எது அந்தக் கல், எது ஓடைக்கல் என்று தெரியாத ஜென்மங்கள், மின்னியதையும் மின்னாததையும் சேர்த்து அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். அடுத்த முறை பால் சொம்போடு போனேன். சரிவு மொட்டையாகக் கிடந்தது. எந்தப் பக்கம் திரும்பி அழுவது என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

போன் செய்ததும் அந்தப் பெண் ஓடிவந்தாள்.

"எடத்தைக் குறிக்கிற மிஷின் உங்கிட்ட இருக்குல்ல. எம்புள்ள கெடக்குற எடத்தையும் குறிச்சிருப்பேல்ல?" என்று கேட்டேன்.

"பாறையத்தானுங்க குறிச்சேன். தூக்கிட்டு வந்து வெச்ச கல்லுக்கு எங்க படிப்புல எடம் கெடையாதுங்க அம்மா" என்று சொல்லி அழுதாள். அவளைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை.

கல் பிறந்த இடத்தை இனி யாராலும் தொலைக்க முடியாது. நான் பெற்றவளுக்கும் அப்படி ஒரு குறி போட்டிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும் இந்த உலகத்துக்கு?

இந்த வருடம் சொம்புக்குப் பதில் குடம் எடுத்துப்போனேன். சரிவின் மேல்முனையிலிருந்து பாலை ஊற்றிக்கொண்டே இறங்கினேன். மற்றவர்கள் பெற்றதுகளும் குடிக்கட்டும், அவளுக்கும் ஒரு வாய் போய்ச் சேராதா என்று பார்த்துப் பார்த்து ஊற்றினேன். பாதிச் சரிவிலேயே பால் தீர்ந்துவிட்டது. கீழே, ஓடைப்பக்கம், இன்னும் நிறைய இடம் மீதி இருந்தது.