மல் தீவில் ஏற்றாத மெழுகுதிரி

போன அக்டோபரில் ஸ்கொட்லாந்தின் மல் தீவுக்குப் போனோம். ஊர் பார்க்க அல்ல, நேர்த்திக்கடனுக்கு. சோதனைக்குழாய் முறையில் மூன்று தடவை வைத்தும் கரு தங்கவில்லை. ரொறன்ரோ கிளினிக்கின் உறைபெட்டியில் கடைசியாக ஒன்றுதான் இருந்தது. அதை வைப்பதற்கு முன், அந்தத் தீவின் மலையில் இடிந்து கிடக்கும் சிற்றாலயத்தில் மெழுகுதிரி ஏற்றுவதாக என் மனைவி ஜெனி நேர்ந்திருந்தாள். பிள்ளை கேட்டுப் பெண்கள் அங்கே ஏறுவார்களாம். பிக்கரிங்கில் அவளுடைய செபக் குழு அன்ரி ஒருவர் சொன்னது. எனக்கு நம்பிக்கை குறைவு. ஆனால் வேறு என்னதான் மிச்சம் இருந்தது?

ஓபன் என்ற ஊரின் துறைமுகத்திலிருந்து ஃபெரிக் கப்பலில் ஐம்பது நிமிடம், காரில்லாத பயணிக்கு ஐந்து பவுண்டுக்குள். கடல் பேயாட்டம் ஆடியது. ஜெனி வாந்தி எடுத்தாள், வெறும் தண்ணீர்தான் வந்தது. திரி ஏற்றும்வரை சாப்பிடுவதில்லை என்பதும் நேர்த்தியில் சேர்த்தி. பிறகு பஸ்ஸில் நாற்பது நிமிடம். இறங்கும்போது சாரதி, இன்றைக்கு மலைக்குப் போக வேண்டாம் என்றார். நாங்கள் கனடாவில் இருந்து வருகிறோம், குளிர் பழக்கம் என்று பெரிய மனுசன் மாதிரிச் சொன்னேன்.

விட்ட பிழை அதுதான். ரொறன்ரோவில், மோர்னிங்சைட் பக்கம் மைனஸ் இருபத்தைந்தில் பஸ்ஸுக்குக் காத்து நின்ற அதே இறகு ஜாக்கெட்டுகளைத்தான் போட்டிருந்தோம். அவை உலர்ந்த குளிருக்கானவை. இங்கே ஆறு பாகை, மழை பக்கவாட்டில் அடித்தது. இருபது நிமிடத்தில் ஜாக்கெட் ஈரச் சாக்காகிவிட்டது. மேலே போக மூன்று கிலோமீற்றர், ஏற்றம் முந்நூறு மீற்றர். காற்று தள்ளும்போதெல்லாம் குந்தியிருந்து, குந்தியிருந்து ஏறினோம். இரண்டரை மணி நேரம் போனது.

ஆலயத்தின் உடைந்த சுவர் தெரிந்தது. இன்னும் நானூறு மீற்றர் இருக்கும். அப்போதுதான் கவனித்தேன், ஜெனியின் நடுக்கம் நின்றிருந்தது, பேச்சுக் குழறியது. குளிர் உடம்புக்குள் இறங்கிவிட்டதற்கு அடையாளம் அது.

"ஜெனி, திரும்புவம்."

"கிட்ட வந்திட்டமப்பா. பத்து நிமிசம்."

"ஏலாது. உமக்கு ஏதும் நடந்தா நான் என்ன செய்யிறது?"

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுதான் இறங்கினேன். அடிவாரத்தில் ஆடு பார்க்க வந்த ஒருவர் தன் வண்டியில் எங்களைப் பக்கத்து விடுதி ஒன்றுக்குக் கொண்டுபோய், அவளைப் போர்த்தி, சூப் வாங்கிக் கொடுத்தார். அவள் கோப்பையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "இனிக் குடிக்கலாம்தானே" என்றாள்.

புயல் இரண்டு நாள் விடவில்லை. மூன்றாம் நாள் விமானம்.

போகிறவர்களுக்குச் சொல்கிறேன்: தண்ணீர் புகாத மேலங்கியும் காற்சட்டையும் வாங்குங்கள். வெறும் வயிற்றோடு ஏறாதீர்கள். கைவசம் இரண்டு நாளாவது கூடுதலாக வைத்திருங்கள். பஸ் சாரதி சொன்னால் கேளுங்கள்.

நவம்பரில் கடைசிக் கருவை வைத்தார்கள். பதினொன்றாம் நாள் கிளினிக்கில் இருந்து போன் வந்தது. இல்லையாம்.

ஜெனி என்னைக் குறை சொல்லவில்லை. போன கிழமை மில்லிக்கன் பக்கம் கடைக்குப் போனபோது, காரை விட்டு இறங்காமல் கேட்டாள்:

"அண்டைக்கு நீங்கள் கையைப் பிடிச்சிராட்டி நான் மேல கோயிலுக்குப் போயிருப்பன், என்ன?"

ஓம் என்றேன்.

திரும்பியது சரிதான். கேட்கிற எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். அந்தச் சரியை வைத்துக்கொண்டு அவளுடைய முகத்தை எப்படிப் பார்ப்பது என்றுதான் ஒருவரும் சொல்லவில்லை.