பத்தடி தள்ளி நிற்பவர்கள்

வண்டி கழுவுகிறவனிடம் யாரும் கிட்டே நின்று பேச மாட்டார்கள். வாட்டர் வாஷ் தொழிலின் முதல் விதி அது. கருங்குழியில் ஜி.எஸ்.டி. ரோட்டோரம் கடை போட்ட நாளிலிருந்து என் வாடிக்கையாளர்களைப் பத்தடி தூரத்தில்தான் பார்த்திருக்கிறேன். மோட்டார் இரைச்சலில் அவர்கள் வாயசைப்பார்கள், நான் தலையாட்டுவேன். நாள் முழுக்க ஆட்கள் நடுவே இருந்தும் பேச ஆளில்லாத வேலையா உங்களுக்கும்? அப்படியென்றால் நமக்கு ஒரே வியாதிதான்.

உதை

தண்ணீர் முன்னால் பாய்வது பார்க்கிறவர்களுக்குத் தெரியும். பிடித்திருப்பவனை அது பின்னால் தள்ளுவது பிடித்தவனுக்குத்தான் தெரியும். முதல் நாளே நுரையில் கால் வழுக்கி மல்லாக்க விழுந்தேன். மோட்டார் ஓடுகிறவரை என் குழாயில் தண்ணீர் நிற்காது. கைநழுவிய ஹோஸ் தரையில் துள்ளித் துள்ளி அடித்தது. என் மனைவி செல்விதான் ஓடிப்போய் மோட்டாரை நிறுத்தினாள்.

மறுநாளிலிருந்து பெரிய வண்டி வந்தால் ஒரு கையால் ஹோஸைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையை என் முதுகில் அழுத்தி நிற்பாள். புடவை நனைகிறதே, உள்ளே போ என்றால் கேட்க மாட்டாள்.

"நீங்க வண்டியப் பாருங்க. வுழாம நான் பாத்துக்கறேன்."

வாளி

கல்பாக்கத்து என்ஜினியர் ஒருவர் ஊருக்குப் போகிற வழியில் மனைவியோடு வந்தார். காரின் அடியெல்லாம் மாமல்லபுரத்து மணல். தட்டையான கதவில் மோதும் தண்ணீரைவிட, குழிவான பாத்திரத்தில் மோதித் திரும்பும் தண்ணீர் கிட்டத்தட்ட இரண்டு பங்கு தள்ளும் என்று தூரத்திலிருந்தே கத்தி விளக்கினார். பிறகு ஆசை தாங்காமல் குழாயை வாங்கி என் காலி வாளிக்குள் அடித்தார். வாளி பறந்துபோய் டீக்கடை வாசலில் விழுந்தது. அவரும் பின்னால் தள்ளாடி மனைவி மேல் சாய்ந்தார். அந்தம்மா தொப்பலாக நனைந்தும் அவரைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"இருபது வருஷமா ஆபீஸ்ல இதத்தான் கணக்கு போடறீங்களா?"

அன்றைக்கு எனக்கு மதியச் சோறு இறங்கவில்லை. பேத்தியைப் பார்த்துக்கொள்ள செல்வி ஓசூரில் மகள் வீட்டுக்குப் போயிருந்தாள்.

பெயர்

ஒருவரின் குட்டியானை லோடு வண்டியில், பின்பக்கம் அவர் மகளின் பெயர் ஸ்டிக்கராக ஒட்டியிருந்தது. ஸ்டிக்கர் படிந்திருந்தால் தண்ணீர் மேலே வழுக்கிப் போய்விடும். ஓரம் கொஞ்சம் தூக்கியிருந்தால் போதும், அடியில் புகுந்து உரித்துவிடும். நான் ஓரத்தைப் பார்க்கவில்லை. பெயர் சுருண்டு சாக்கடையோடு போயிற்று. சண்டைக்கு வருவார் என்று மோட்டாரை நிறுத்திவிட்டு நின்றேன். அவர் வெறும் கதவைத் தடவிப் பார்த்தார்.

"வுடு அண்ணாத்த. அது என்னாண்ட பேசியே ரொம்ப நாளாவுது. பேரு மட்டும் இன்னாத்துக்கு ஒட்டிகினு கீது?"

சுவர்

மறைமலைநகர் கம்பெனி பஸ் ஓட்டும் முனுசாமி வாரம் தவறாமல் வருவார். அன்று பஸ்ஸைக் கழுவி முடிக்கும்வரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். உதையைத் தாங்க நான் சுவரில் முதுகை முட்டுக்கொடுத்து நிற்பது எனக்கே பழகிப் போயிருந்தது.

"இன்னா அண்ணாத்த, செவுத்துல சாஞ்சிகினு அடிக்கிற? அண்ணி இன்னும் வர்லியா?"

மோட்டார்

செல்வி தினமும் போன் செய்வாள். மோட்டார் சத்தத்தைக் கேட்டதும், வியாபாரம் ஜோராக நடக்கிறது என்று நினைத்து வைத்துவிடுவாள். நானும் வேலை இருக்கிறது, நன்றாக இருக்கிறேன் என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். முனுசாமி கேட்டுவிட்டுப் போன மறுநாள் அவள் போன் வந்ததும், நுரையோடு நின்ற காரையும் அதன் சொந்தக்காரரையும் அப்படியே விட்டுவிட்டு மோட்டாரை நிறுத்தினேன். முதுகுக்குச் சுவர்தான் துணை, தனியாக இருக்க முடியவில்லை, வந்துவிடு என்று சொன்னேன். இந்த முறை அவள் போனை வைக்கவில்லை. நுரை காய்கிறது என்று கார்க்காரர் கையாட்டினார்.

"இத்தினி நாளா இத ஏன் சொல்லல? பாப்பாவ ஸ்கூல்ல சேத்துட்டு வந்துர்றேன். அது வரைக்கும் செவுத்தாண்டயே நில்லுங்க."

பள்ளிக்கூடம் திறக்க இன்னும் நாளிருக்கிறது. அதுவரை என்னிடம் வண்டி கழுவ வருகிறவர்கள் கொஞ்சம் கிட்டேயே வந்து நிற்கலாம், நனைந்தால் காய்ந்துவிடும்.