நாலு வெயில் காய்ந்த பல் செட்

"சார், இது என் பல்லு இல்லீங்க. யாரோடதையோ மாத்திக் குடுத்துட்டீங்க."

அரசு மருத்துவமனையின் பல் பிரிவில் நான் பல் செட் செய்து கொடுக்கும் மெக்கானிக்காக இருந்தபோது இந்தப் புகார் அடிக்கடி வரும். அதற்கும் நடைமுறை உண்டு. பதிவேட்டைத் திறந்து, வந்தவரின் கையெழுத்தைக் காட்டி, அவரையே குற்றவாளி ஆக்கிவிடலாம். அன்று திங்கட்கிழமை. வந்தவர் மன்னார்குடிப் பக்கத்துக் குத்தகை விவசாயி கோவிந்தசாமி. செட் வாங்கி இருபது நாள். கையெழுத்து தெளிவாக இருந்தது. ஆனால் செட்தான் அண்ணத்தில் நிற்கவில்லை. வாயைத் திறந்தால் இறங்கியது.

"வெள்ளிக்கிழமை தாசில்தார் விசாரணைங்க" என்றார்.

குத்தகைதாரர் பெயரைப் பதிவு செய்யச் சட்டம் வந்திருந்த காலம். முதல் விசாரணையில் பொக்கை வாயோடு, தான் உழும் நிலத்தின் நாலெல்லையைச் சொல்லியிருக்கிறார். நிலக்காரரின் காரியஸ்தர் எழுந்து, "ஐயா, இவரு சொல்றது இவருக்காவது புரியுதான்னு கேளுங்க" என்றாராம். அறையே சிரித்தது. குமாஸ்தா பேனாவை மூடிவிட்டார். அடுத்த வாய்தாவில் பேசுவதற்காகத்தான் பல் கட்டிக்கொண்டார். அதுவும் தவறினால் நிலம் போய்விடும்.

"செட்டை எங்க வெச்சிருந்தீங்க?"

"பத்திரமாத்தான். விசாரணைக்குன்னு வாங்கினதைத் தினம் போட்டுத் தேய்க்கலாமா? களத்துல நெல்லோட காயவெச்சு, துணியில சுத்தி, குதிரு மேல வெச்சுட்டேன். ஈரம் இருந்தா பூசணம் புடிக்கும்ல?"

"எத்தனை நாள் காயவெச்சீங்க?" என்றார் பக்கத்து மேஜையிலிருந்த பல் டாக்டரம்மா.

"நெல்லுக்கு ரெண்டு வெயில் போதும்மா. இது கெட்டியா இருக்கேன்னு நாலு."

செட் செய்யும் அக்ரிலிக் பார்க்கத்தான் கல். உண்மையில் தண்ணீர் குடிக்கும். அச்சில் வேகும்போது கொஞ்சம் சுருங்கும். பிறகு வாயின் ஈரத்தை இழுத்து மயிரிழை அளவு விரியும். அந்த ஈரம் போனால் மறுபடி சுருங்கும், சில சமயம் கோணும். இவ்வளவும் எனக்கு மனப்பாடம். அவரிடம் நான் சொல்லியிருந்தது ஒரே வாக்கியம்: "பத்திரமா வெச்சுக்குங்க."

புதிது செய்ய நாளில்லை. "பச்சைத் தண்ணியில முழுகப் போட்டு வைங்க. வியாழக்கிழமை கொண்டாங்க" என்றேன்.

"மூணு நாளாங்க? விதைநெல்லா இருந்தா முளைச்சிடும்."

"இது முளைக்காது. போடுங்க."

வியாழனன்று தூக்குவாளித் தண்ணீரோடு வந்தார். செட் பெரும்பாலும் பழைய அளவுக்குத் திரும்பியிருந்தது. இடப்பக்கம் மட்டும் லேசாக ஆடியது. டாக்டரம்மா உள்பக்கம் மெல்லிய அக்ரிலிக் கொடுத்து ரீலைன் செய்தார். அதற்கு மூன்று படிவம் வேண்டும். படிவம் வந்து சேர்வதற்குள் அறுவடையே முடிந்துவிடும் என்பதால், 'பரிசோதனை' என்று பதிவேட்டில் எழுதினேன். என் சர்வீஸில் நான் மனதறிந்து எழுதிய பொய் அது ஒன்றுதான்.

இனி செட் கொடுக்கும்போது முதலில் என்ன தொழில் என்று கேட்பது என்று அன்றே முடிவு செய்தேன். அவரவர் தொழிலில் எதை எப்படிக் காப்பாற்றினார்களோ, அப்படித்தான் பல்லையும் காப்பாற்றுவார்கள். அடுத்த வாரம் தரங்கம்பாடி மீனவர் ஒருவர் வந்தபோது, தண்ணீரில் போடச் சொன்னதோடு, "உப்புப் போடாதீங்க" என்றும் சேர்த்துச் சொன்னேன்.

விசாரணைக்கு மறுநாள், சனிக்கிழமையே, கோவிந்தசாமி வந்திருந்தார். உத்தரவு வர நாளாகும் என்றார். முகத்தில் அந்தக் கவலை இல்லை.

"நாலெல்லையையும் சொன்னேன் சார். குமாஸ்தா என்ன சொன்னாரு தெரியுமா? 'பெரியவரே, கொஞ்சம் மெதுவா சொல்லுங்க, எழுத முடியலை'ன்னாரு."