பிஸ்கட் டப்பாவில் மிச்ச மாத்திரைகள்

எங்கள் தீவில், டாலிகஞ்சில், எங்கள் தெருவுக்கே என் கணவர்தான் பாதி டாக்டர். வேலை என்னவோ அரசு அலுவலகத்தில் கிளார்க். கடல் தாண்டி மெயின்லேண்ட் போய்வரும்போதெல்லாம் ஆன்டிபயாடிக் மாத்திரைகளை வாங்கி வந்து பிஸ்கட் டப்பாவில் அடைப்பார். கப்பல் தள்ளிப்போனால் கடையில் மருந்து இருக்காது என்பது அவர் வாதம். காய்ச்சல் விட்டதுமே நிறுத்திவிட்டு மிச்சத்தை டப்பாவில் போடுவது எங்கள் வீட்டு வழக்கம். இன்னொருவருக்கு ஆகுமாம்.

பக்கத்து வீட்டு வங்காளி அக்கா, எங்களுக்கு தீதி, வேலியருகே வந்து, "தாதா, தவா ஹை க்யா?" என்று அண்ணனிடம் கேட்பதுபோல் மருந்து கேட்டால் போதும், பாதி அட்டை கைமாறிவிடும். கோழிகளுக்குக் கழிச்சல் என்றால் கேப்ஸ்யூலைப் பிரித்துத் தண்ணீர்ச் சட்டியில் கொட்டுவார். மிச்சத் தண்ணீர் கிணற்றடிப் பக்கம் வழிந்தோடும். நான் தடுத்தேனா? இந்த மனுஷனுக்குத்தான் எத்தனை இரக்கம் என்று பூரித்துப்போனேன்.

போன மழைக்காலத்தில் எனக்குச் சிறுநீர் எரிச்சல், பிறகு குளிர்காய்ச்சல். டப்பாவிலிருந்து மூன்று வகை கொடுத்துப் பார்த்தார். நான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சுருண்ட பிறகுதான் ஆஸ்பத்திரி. கிருமி சிறுநீரகம் வரை ஏறியிருந்தது. பரிசோதனைத் தாளில் டாக்டரம்மா ஒவ்வொரு மருந்தாகப் பேனாவால் அடித்துக்கொண்டே வந்தார். பாதிப் பெயர்கள் எங்கள் டப்பாவில் இருந்தவை.

"இந்தக் கிருமி இதுக்கெல்லாம் சாகாது. ஒரே ஒரு ஊசி மருந்துதான் பாக்கி. அதுவும் கேக்கலைன்னா உயிருக்கே ஆபத்து."

"எங்கேருந்து வந்துச்சு, மேடம்?" என்றார் இவர்.

"உங்க வீடு, கோழி, கிணறு, அக்கம்பக்கம், எங்கேருந்தும் வந்திருக்கலாம். அரைகுறையா மருந்து போற இடத்துலெல்லாம் கிருமி பழகிக்கும்."

ஒரு வாரம் மருந்து கையில் சொட்டுச்சொட்டாக ஏறியது. அவர் என் பாதத்தைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். "நான்தான் புள்ள உனக்கு இதச் செஞ்சுட்டேன்" என்று அழுதார். கோபம் வந்தது. அதைவிடப் பாசம் வந்து தொலைத்தது. "மொதல்ல போய்ச் சாப்பிட்டு வாங்க" என்றேன். நான்காம் நாள் காய்ச்சல் இறங்கியது.

வீடு திரும்பிய அன்றே டப்பாவோடு சாக்கடைக்குக் கிளம்பினார்.

"அதுல கொட்டாதீங்க, கிணத்துக்குத்தான் வரும்!"

கடலில் போடட்டுமா என்றார். மீனை நாம்தானே தின்கிறோம் என்றேன். குப்பையில் போட்டால் கோழிகள் கிளறும். ஆஸ்பத்திரியிலேயே கொடுத்துவிடலாம் என்று முடிவானபோது வேலியருகே தீதி வந்து நின்றாள். மகனுக்குக் காய்ச்சலாம்.

டப்பாவை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, கண்கலங்க, மருந்தே இல்லையென்று என் கணவர் அவளிடம் முதல் பொய்யைச் சொன்னார்: "நஹி ஹை, தீதி. ஆஸ்பத்திரி சலோ."