அமைதியைப் பற்றிக் கத்தினேன்

பேட்டையில் ஓய்வூதியர் கூட்டம் ஒன்றில், 'மன அமைதியே இதயத்துக்கு மருந்து' என்ற தலைப்பில் பேச அழைத்திருந்தார்கள். ஆராய்ச்சிக் கட்டுரைகளாகப் படித்துத் தயாராகிப் போனேன். பேசத் தொடங்கியதும் மைக் கரகரத்தது. மைக்செட்காரரைப் பார்த்து நான் கத்திய கத்தலுக்கு மைக்கே தேவைப்படவில்லை. மறுநொடி நெஞ்சை அடைத்தது, மேடையிலேயே சரிந்தேன்.

கண் விழித்தபோது மருத்துவமனையில் கிடந்தேன். "மாரடைப்பு இல்லை. ஆத்திரத்துல ரத்த அழுத்தம் எகிறியிருக்கு. இந்தத் தடவை தப்பிச்சிட்டிய" என்றார் டாக்டர்.

"ஊருக்கெல்லாம் சொன்னியளே, உங்க காதுல விழலையா?" என்றாள் மனைவி.

"மைக்குதான் சரியில்லையே" என்றேன். அவள் சிரிக்கவில்லை, அழுதாள்.

இப்போதெல்லாம் கோபம் வந்தால் வாயை மூடிக்கொண்டு பைய மூச்சு விடுகிறேன். உடனே மனைவி பதறி ஓடிவருகிறாள்: "என்ன, சத்தத்தையே காணோம்? நெஞ்சு வலிக்கா?"